பிரபுவின் டைரியும் சமையற்கட்டு இழுப்பறையும்

பெரில் டல்லிமோருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் விச்சம்பரி ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை மிஸஸ் டல்லிமோர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய வீட்டுச் சமையற்கட்டின் தலைமைக்கு வருகிறவள் கன்னிப்பெண்ணாக இருந்தாலும் சரி, கிழவியாக இருந்தாலும் சரி, கரண்டியைக் கையில் வாங்கிய அன்றே 'மிஸஸ்' ஆகிவிடுவாள். அந்த வீடுகளின் பழக்கம் அப்படி. பெரிலுக்கு அந்தப் பட்டத்தின் மேல் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. புருஷன் தொல்லை இல்லாமல் மரியாதை மட்டும் வந்து சேர்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

வீடு செல்விக் பிரபுவினுடையது. ஒரு காலத்தில் மந்திரியாக இருந்து, அதற்காகப் பிரபுப் பட்டம் வாங்கியவர். இப்போது மேல்சபையில் ஒரு நாற்காலி, தொலைக்காட்சியில் அடிக்கடி ஒரு முகம். காடுகளை வெட்டாதீர்கள், எதையும் வீணாக்காதீர்கள் என்று நாட்டுக்கே புத்தி சொல்கிறவர். சொல்கிறபடி நடக்கிறவர் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோட்டு முழங்கையில் கிழிந்தால் தோல் ஒட்டுப் போட்டு, அதையே மாட்டிக்கொண்டு அரண்மனை விருந்துக்குப் போவார். சமையற்கட்டில் ஒரு பெரிய இழுப்பறை உண்டு. அதற்கு மேலே அவரே தன் கையால் எழுதி மாட்டிய அட்டை இருந்தது. ஒரு பக்கம் காலியாக இருக்கும் எந்தத் தாளும் இந்த வீட்டிலிருந்து குப்பைக்குப் போகக்கூடாது என்பது அதன் வாசகம்.

அதனால் மாடியில் அவருடைய காரியதரிசி மிஸ் லவினியா பெக் தட்டச்சு செய்து கெடுத்த தாள், நகல் இயந்திரம் கறுப்புக் கோடு இழுத்துப் பாழாக்கிய தாள் எல்லாம் கீழே இழுப்பறைக்கு வந்துவிடும். பெரில் அவற்றின் பின்பக்கத்தில் மீன்காரனுக்குக் குறிப்பு எழுதுவாள், ஜாம் பாட்டிலுக்கு லேபிள் வெட்டுவாள். இழுப்பறை நிரம்பி வழிந்தால் ஊருக்குள் யாராவது கேட்பவர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவாள்.

பிரபுவுக்கு டைரி எழுதும் பழக்கம் இருந்தது. வெளிநாடு போய்த் திரும்பியதும் உட்கார்ந்து எழுதுவார். மிஸ் பெக் அதைத் தட்டச்சு செய்து நகல் எடுப்பாள். நீலக் கவரில் போட்டு, 'அந்தரங்கம்' என்று முத்திரை குத்தி, பிரபுவின் நெருங்கிய சிநேகிதர்களுக்கு அனுப்புவாள். ஒரு பிஷப், ஒரு கோமகன், வயதான நடிகர் ஒருவர், இப்படிப்பட்டவர்கள். அவர்கள் படித்து, வயிறு குலுங்கச் சிரித்து, பத்திரமாக அலமாரியில் வைப்பார்கள். பிரபுவுக்கு நாக்கு அப்படி. யாரையும் விட மாட்டார்.

பெரிலையும் விடவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் மீன்காரனுக்குக் குறிப்பு எழுத ஒரு தாளை எடுத்தவள், சும்மா திருப்பிப் பார்த்தாள். ஏதோ குளிர்தேசப் பயணத்தின் கடைசிப் பக்கம் அது. 'வீடு திரும்பினேன். மிஸஸ் டி-யின் பார்லி சூப் காத்திருந்தது. நனைந்த கம்பளிக் காலுறையைப் பிழிந்த தண்ணீர். நல்ல மனுஷி, பாவம், நாக்கு மட்டும் செத்துப் பிறந்தது.' பெரிலுக்கு முகம் சிவந்து போயிற்று. கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அந்தத் தாளை மட்டும் தன் வீட்டுக்கு எடுத்துப் போய், அங்கே கேக் தகரத்துக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதே பார்லி சூப்பைத் தவறாமல் வைத்தாள். அவரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வீணாக்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்கிறவர் வேறு என்னதான் செய்ய முடியும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடி விழுந்தது. தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று பிரபுவின் டைரியை நடுப்பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. ஒரு தீவு நாட்டுச் சுதந்திர விழாவுக்குப் போய் வந்த கதை. அந்த நாட்டு அதிபர், மெடல் தொங்கவிட்ட சோபாவாம். அவர் மனைவியின் பாட்டு, கதவு கீலுக்கு எண்ணெய் போடச் சொல்லும் பாட்டு. கூடப் போன நம் பிரதமர், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதையே நம்புகிற மனிதர். நடுவே டைரிப் பக்கம் ஒன்றைப் புகைப்படமாகவே போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தொலைக்காட்சி வண்டிகள் வெளி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றன.

பிரபு கொதித்துப் போனார். இன்னும் சில பயணங்களின் டைரியும் கையில் இருக்கிறது, வாரா வாரம் போடுவோம் என்று பத்திரிகை சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமையே அவர் வக்கீலை வரவழைத்து, பத்திரிகை மேல் வழக்குப் போட்டார். ஒரு மனிதன் தன் டைரியில் எழுதுவது அவனுக்குச் சொந்தம், அதை அச்சடிக்க எவனுக்கும் உரிமை இல்லை என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். ஆனால் அதற்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. டைரி வெளியே போனது எப்படி?

பிஷப்பைச் சந்தேகப்பட முடியுமா? கோமகனை? நடிகருக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. மேலே இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மாடிப்படி இறங்கிச் சமையற்கட்டில்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது. சந்தேகத்துக்கு எப்போதும் கீழே இறங்கத்தான் வழி தெரியும்.

வக்கீல் மிஸ்டர் கிரேடன் மெல்லிய குரல்காரர். கேள்வி கேட்கும்போது உங்களைப் பார்க்க மாட்டார், தன் பேனாவைப் பார்ப்பார். வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். பெரிலின் முறை வந்தது. பெயர், ஊர், வேலைக்கு வந்த காலம் எல்லாம் எழுதிக்கொண்டு, புருஷன் பெயரைக் கேட்டார்.

"அப்படி யாரும் இல்லைங்க ஐயா."

"காலமாயிட்டாரா?"

"வரவே இல்லைங்க."

மிஸ்டர் கிரேடன் முதல் முறையாகப் பேனாவை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ மிஸஸ்னு இவ்வளவு காலமா எப்படிச் சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

சமையற்காரிகளுக்கு அது வழக்கம் என்று அவள் விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அது திருட்டுக் கணக்காகத் தோன்றிற்று. அவர் தலையாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். எழுதியது ரொம்ப நீளமாக இருந்தது. 

இந்த வேலை போனால் பெரிலுக்கு வீடு போகும். தோட்டத்து மூலையில் அவள் இருந்த கல்வீடு வேலையோடு வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் சாகும்வரை அங்கேயே இருக்கலாம் என்று பிரபு வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதையாவது விடுங்கள். விச்சம்பரியில் பிறந்து, விச்சம்பரியில் வளர்ந்து, கை சுத்தம் என்று பெயர் எடுத்தவள். எஜமானின் டைரியைத் திருடி விற்றவள் என்று அந்த ஊர் சொன்னால் அவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்?

ஊர் சொல்லவில்லை. சொல்லாமலே செய்தது. இறைச்சிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு அறுந்தது. தபால் நிலையத்துப் பெண், இந்த வருஷம் எங்கேயாவது உல்லாசப் பயணம் போகிறீர்களா மிஸஸ் டல்லிமோர் என்று தேன் ஒழுகக் கேட்டாள். பெரில் புதுக் கையுறை போட்டிருந்ததைப் பார்த்து இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொண்டார்கள். போன கிறிஸ்துமஸ் கையுறை அது.

சந்தேகம் தொற்றுநோய். அது பெரிலையும் பிடித்துக்கொண்டது. முதலில் மிஸ் பெக் மேல் பாய்ந்தது. டைரியைத் தட்டச்சு செய்கிறவளே அவள்தானே! வாயைத் திறந்து சிரிக்காதவளை எப்படி நம்புவது? மாடியில் தொலைபேசி அடித்தால் பெரில் படியடியில் போய் நின்று காதைக் கொடுத்தாள். மிஸ் பெக்கோ ஒரு நாள் திடீரென்று கதவைத் திறந்து, "ஏதாவது வேணுமா மிஸஸ் டல்லிமோர்?" என்றாள். தட்டைக் கீழே எடுத்துப்போக வந்தேன் என்று பெரில் சொன்னாள். அங்கே தட்டு எதுவும் இல்லை.

பிறகு அந்தச் சனியன் பிடித்த சந்தேகம் சொந்தத் தம்பி மேலேயே திரும்பியது. கென் மனைவியைப் பிரிந்த பிறகு அக்காவின் வீட்டில் பின்னறையில் இருந்தான். ஜாம் தொழிற்சாலையில் வண்டி ஓட்டுகிறவன். அடிக்கடி சமையற்கட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவான். பத்திரிகையில் டைரி வருவதற்குச் சில வாரம் முன்னால் அவன் ஒரு கேரவன் வாங்கியிருந்தான். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு, கிட்டத்தட்டப் புதுசு. ஏது பணம் என்று அவள் அப்போது கேட்கவில்லை. இப்போது வேறு எதையுமே அவளால் நினைக்க முடியவில்லை. அவன் வெளியே போன நேரம் பார்த்து அவன் அறையைக் கலைத்தாள். கோட்டுப் பையில் கைவிட்டாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். மெத்தையைப் பிடித்தபடி அவள் நிற்கும்போது வாசலில் கென் நின்றான்.

"என்னக்கா தேடுறே?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. கேரவனைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

கென் மெத்தையை அவள் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் போட்டான். பிறகு தொழிற்சாலையை மூடப் போகிறார்கள் என்றான். முதலில் அவனைத்தான் கணக்குத் தீர்த்து அனுப்பினார்களாம். அந்தப் பணத்தில்தான் கேரவன் வாங்கினானாம். வேலை போனதைச் சொன்னால் அக்கா வருத்தப்படுவாளே என்று தினமும் காலையில் வேலைக்குப் போகிற மாதிரி தன் காரை எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தானாம்.

"ஊர்ல எல்லாரும் உன்னைப் பேசுறாங்க. ஒருத்தன்கிட்ட சண்டைகூடப் போட்டேன், தெரியுமா? எங்கக்கா அப்படிப்பட்டவ இல்லேன்னு. நீ என்னடான்னா என் மெத்தையைத் தூக்கிப் பார்க்குறே."

அன்று சாயங்காலமே கேரவனை இழுத்துக்கொண்டு போய் ஒரு குடியானவனின் வயலோரத்தில் போட்டுக்கொண்டான். பெரில் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதாள். வெட்கமும் கோபமுமாக அழுதாள்.

மாதா மாதம் சர்ச் ஹாலில் ஒரு சீட்டுக் கச்சேரி நடக்கும். மேசை மேசையாக உட்கார்ந்து விஸ்ட் விளையாடுவார்கள். வசூலாவது கூரை ரிப்பேருக்குப் போகும். அந்த மாதம் போவதா வேண்டாமா என்று பெரில் தயங்கினாள். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றவே, எப்போதும்போல எலுமிச்சை கேக் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்திப் போனாள். கேக்கை யாரும் தொடவில்லை. நடத்துகிறவள் டாட்டி பிளெங்கின், பெரிலோடு ஒரே வகுப்பில் படித்தவள். மேசைக்கு மேசை போய்ப் புள்ளி எழுதும் சீட்டை வைத்துக்கொண்டு வந்தாள்.

பெரில் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். கடையில் வாங்கியது. மேலே ரோஜாப் படம் போட்ட, கோடு அச்சடித்த புதுச் சீட்டு.

அவளுக்கு உடனே உறைத்தது. டாட்டி கஞ்சத்தனத்துக்குப் பேர் போனவள். ஒரு டீத்தூள் பையைக் காயவைத்து மறுபடி முக்குகிறவள். புள்ளி எழுதக் காகிதம் கடையில் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. வருஷக்கணக்காக அந்தக் காகிதம் வந்துகொண்டிருந்தது பெரியவீட்டுச் சமையற்கட்டு இழுப்பறையிலிருந்து. கட்டுக் கட்டாகக் கட்டி எடுத்து வந்து கொடுத்தவளே பெரில்தான்.

 அவள் டாட்டியைப் பின்பக்கப் பாத்திரம் கழுவும் அறைக்கு இழுத்துப் போனாள். நான் கொடுத்த காகிதம் எங்கே என்று கேட்டாள். டாட்டி துணியை எடுத்துத் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள்.

"எரிச்சுட்டேன்."

"எப்போ?"

"பேப்பர்ல வந்துச்சில்ல, அந்த ஞாயித்துக்கிழமை. மதியமே." டாட்டி குரலைத் தாழ்த்தினாள். "பெரில், கோவிச்சுக்காதே. நாங்க எல்லாரும் படிச்சிருக்கோம்டி. வருஷக்கணக்கா. ஆட்டம் போரடிச்சா திருப்பிப் பார்க்கிறதுதான். மெடல் சோபா இங்கே எல்லாருக்கும் அத்துப்படி. கசாப்புக்கடைக்காரர் பொண்டாட்டிக்கு அந்தப் பாட்டு விஷயம் மனப்பாடம்."

"தெரிஞ்சும் யாரும் வாயைத் திறக்கலையா?"

"யார் திறப்பா? நான்தான் கொடுத்தேன்னு என்னைச் சொல்வாங்க. உன்னைச் சொல்லட்டும்னு நினைக்கலடி... சொல்லிக்கிட்டிருந்தாங்க, நாங்க சும்மா இருந்துட்டோம்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்த கச்சேரியும் அப்போதுதான் பெரிலுக்கு நினைவு வந்தது. அசலூர்க்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். கிராமத்து தேவாலயக் கூரைகளைப் பற்றி எழுதுகிறேன் என்றான். விஸ்ட் விளையாடவே தெரியவில்லை. ஆனால் புள்ளி எழுதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போகும்போது நினைவுக்காக என்று டாட்டியிடம் அந்தத் தாளில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டான். எலுமிச்சை கேக்கை வாயாரப் புகழ்ந்தான். பாவிப்பயலுக்கு இரண்டாவது துண்டு வெட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

வீட்டுக்குப் போனதும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை எடுத்து விரித்தாள். புகைப்படமாகப் போட்டிருந்த பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு. கெட்டுப் போனது என்று கீழே அனுப்பப்பட்ட தாள். பார்லி சூப் தாளை ஒளித்து வைத்திருந்தும், இத்தனை நாள் இது கண்ணெதிரே கிடந்தும், அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கெல்லாம் டைரி என்றால் நீலக் கவரில் முத்திரையோடு போவது. இழுப்பறையில் கிடப்பது வெறும் பழைய காகிதம். அதைக் காகிதமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எழுத்து தெரியாமலே போய்விட்டது.

மறுநாள் காலை வக்கீல் வந்ததும், கையோடு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். பழி தீர்ந்தது என்றே நினைத்தாள். மிஸ்டர் கிரேடனுக்குக் கேட்கக் கேட்க முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மிஸஸ் டல்லிமோர், நீங்க இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழல."

அவள் மறுபடி சொல்லத் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தினார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இந்த டைரி பூட்டி வைத்த அந்தரங்கம் என்பதில்தான் வழக்கே நிற்கிறது. ஊரே அதன் முதுகில் புள்ளி எழுதிச் சீட்டு விளையாடியது என்று இந்த வீட்டு ஆளே ஒத்துக்கொள்வது எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால், இதில் என்ன அந்தரங்கம் என்று கேட்பார்கள். வழக்கு தோற்கும். மிச்ச டைரியும் வாரா வாரம் வரும். பிரபு தெருவில் நடக்க முடியாது. வீட்டில் ஒருவர் நம்பிக்கைத் துரோகம் செய்து எடுத்துப் போய்விட்டார் என்று இருந்தால்தான் நல்லது. பெயர் சொல்ல மாட்டோம்.

"பேர் சொல்லலேன்னா? எல்லாரும் என்னைத்தானே நினைப்பாங்க?"

"நினைக்கிறதுக்கு யாரும் கோர்ட்டுல பதில் சொல்ல வேண்டியதில்லை."

அன்று மாலை, நடக்காத அதிசயம் ஒன்று நடந்தது. செல்விக் பிரபு சமையற்கட்டுக்கு இறங்கி வந்தார். மேசை ஓரத்தில், உட்காரலாமா கூடாதா என்று தெரியாதவர்போல நின்றார். வக்கீல் அவரிடம் சொல்லியிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சுவரில் தன் கையெழுத்தில் மாட்டியிருந்த அட்டையை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"தப்பு உங்க மேல இல்லேன்னு எனக்குத் தெரியும், மிஸஸ் டல்லிமோர்," என்றார். "எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

அந்தக் கேள்வியில்தான் பெரில் விழுந்தாள். ஊர் என்ன சொன்னாலும் இந்த ஒரு மனிதருக்கு உண்மை தெரியும். அவருக்கு ஒரு கஷ்டம் என்று தன்னிடம் வந்து நிற்கிறார். கல்வீடு சாகும்வரை உங்களுக்குத்தான் என்றும் மறுபடி ஒருமுறை சொன்னார். போதும்ங்க ஐயா என்றாள். அவர் போன பிறகு இழுப்பறையில் மிச்சமிருந்த டைரித் தாள்களை எல்லாம் பொறுக்கி அடுப்பில் போட்டாள். வீட்டில் கேக் தகரத்தடியில் இருந்த தாளை மட்டும் ஏனோ கொண்டுவந்து போடவில்லை.

கொஞ்ச நாளில் பத்திரிகையின் ஆள் ஒருவர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். வழக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை போலிருக்கிறது. ஊரில் இந்தக் காகிதம் புழங்கியதை எங்கள் ஆள் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது, ஊர்க்காரர்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் மேல் இருக்கும் பழியும் நீங்கும் என்றார். உண்மையைத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. கேக் தகரம் வாசலோரத்து அலமாரியில், அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.  எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பெரில் கதவைச் சாத்தினாள். சாத்திய கையோடு, இந்த ஆளை அனுப்பியது பத்திரிகைதானா, இல்லை தன்னைச் சோதிக்க மிஸ்டர் கிரேடனா என்று ஒரு சந்தேகம் வந்தது. அவள் மனசு அந்த அளவுக்குக் கெட்டுப் போயிருந்தது.

பிரபு ஜெயித்தார். சாட்சி, குறுக்கு விசாரணை என்று எதுவும் இல்லாமல், இரு தரப்புக் காகிதங்களையும் பார்த்தே நீதிபதி முடித்துவிட்டார். பொதுவாழ்வில் இருப்பவருக்கும் அந்தரங்கம் உண்டு, வீட்டாள் ஒருவர் நம்பிக்கையை முறித்து வெளியே விட்டதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது என்று தீர்ப்பு. தொலைக்காட்சியில் அந்த வரியை வாசித்தார்கள். விச்சம்பரி முழுக்கப் பார்த்தது. உண்மை தெரிந்த சீட்டுக் கச்சேரிக்காரர்கள்கூட, நீதிபதியே சொல்லிவிட்டாரே, நம் தாள் வேறு, அவள் விற்றது வேறாக இருக்குமோ என்று பேச ஆரம்பித்தார்கள். டாட்டியும் அவர்களில் ஒருத்தி.

வீட்டில் விருந்து நடந்தது. பிஷப் வந்தார், கோமகன் வந்தார். பெரில் அடுப்படியில் நின்று வான்கோழி வறுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது இழுப்பறையைக் காணோம். அந்த இடத்தில் காகிதத்தை நாராய்க் கிழிக்கும் இயந்திரம் இருந்தது. சுவரில் அட்டையும் இல்லை, ஆணித் துளை மட்டும் இருந்தது. மாடிப்படிக் கதவுக்குப் புதுப் பூட்டு. தட்டு கொண்டுபோகும்போது மணி அடிக்க வேண்டும், மிஸ் பெக் வந்து திறப்பாள். எல்லோருக்கும்தான் இந்த ஏற்பாடு என்றாள் மிஸ் பெக். ஆனால் அவள் இடுப்பில் சாவி இருந்தது, தோட்டக்காரனுக்கும் ஒரு சாவி இருந்தது.

அதைக்கூடப் பெரில் தாங்கிக்கொண்டாள். வக்கீல் சொல்லிச் செய்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை மாலை டீ எடுத்துப் போனாள். பிரபு மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் எழுதுவதை நிறுத்தி, தாளின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டார். அவள் டீயை ஊற்றி முடிக்கும்வரை அந்தக் கை அசையவில்லை. அவருக்கே தெரியாமல் மூடியிருப்பார். அதுதான் அவளைக் குத்தியது. கோர்ட்டுக்காகச் சொன்ன கதையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டார். உண்மை தெரிந்த ஒரே ஒருவர் என்று அவள் பிடித்துக்கொண்டிருந்த கை அது.

மறுநாள் வியாழக்கிழமை. பெரில் பார்லி சூப் வைத்தாள். பிறகு கல்வீட்டுக்குப் போய்க் கேக் தகரத்தை நகர்த்தி, மஞ்சளாகிப் போன அந்தத் தாளை எடுத்தாள். காலியாக இருந்த பக்கத்தில், இன்றோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன், கல்வீட்டையும் காலி செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மணி அடித்து, மிஸ் பெக் கதவைத் திறக்க, சூப்புக் கிண்ணத்தோடு தாளையும் தட்டில் வைத்து எடுத்துப் போனாள்.

பிரபு தாளை எடுத்துப் படித்தார். "என்ன இது, மிஸஸ் டல்லிமோர்? வீடுதான் உங்களுக்குன்னு சொன்னேனே."

"பின்பக்கமும் எழுதியிருக்குங்க ஐயா."

அவர் திருப்பினார். தன் வரிகளைத் தானே படித்தார். நனைந்த காலுறை, செத்துப் பிறந்த நாக்கு. காது மடல்வரை சிவந்தது அவருக்கு. எதிரே சூப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"ரொம்ப வருஷமா என்கிட்டத்தான் இருக்கு," என்றாள் பெரில். "கோவத்துல விக்கணும்னா இதைத்தான் முதல்ல வித்திருப்பேன். பேப்பர்க்காரர் என் வீட்டுக்கே வந்தாருங்க. இது அவர் பக்கத்துலயே இருந்துது."

பிரபு எழுந்து நின்றார்.  கையிலிருந்த தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"மிஸஸ் டல்லிமோர், நான்..."

"மிஸ் டல்லிமோர்ங்க ஐயா," என்றாள் அவள். "இனிமே நான் யாருக்கும் சமையற்காரி இல்லையே."

ஏப்ரனை அவிழ்த்து மடித்துச் சமையற்கட்டு மேசையில் வைத்துவிட்டு, கல்வீட்டிலிருந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, தோட்டத்துப் பாதையாக நடந்து, வயலோரத்தில் நின்ற கேரவனின் கதவைத் தட்டினாள். கென் திறந்தான். அக்காவையும் அவள் கையில் இருந்த பெட்டியையும் பார்த்தான். மன்னிப்பு கேட்க அவள் வாயைத் திறக்குமுன், "கெட்டில் காஞ்சிட்டுத்தான் இருக்கு, உள்ள வா," என்று சொல்லிப் பெட்டியை வாங்கி வைத்தான்.